வெல்லம் கரைத்த குளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டோ மூன்றோ, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். திருத்தணி மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம் குடிக்கிற குளத்துக்கு நான்தான் காவல். போன வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பேதியில் பல பேர் போய்விட்டார்கள். அதனால் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேதாசலம், ஒரு மூட்டை பர்மாங்கனேட் மருந்தையும் என்னையும் மூங்கில் தெப்பத்தில் ஏற்றி நடுக்குளத்துக்குத் தள்ளிவிட்டார்.

"கரைச்சுக்கினே இரு தேசப்பா. தண்ணி ரோசா நெறத்துல நின்னா கிருமி செத்துதுன்னு அர்த்தம். நெறம் போச்சுன்னா மறுபடி கரை. சாயங்காலம் வரைக்கும் நின்னாத்தான் குளத்தைத் தெறப்பேன். இல்லேன்னா கூட்டத்துக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது."

தண்ணீர் ரோசாவானது. குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்கு அப்பால் அம்மையார்குப்பத்துக் கௌரியம்மாள் நின்றிருந்தாள். அவள் கழுத்தில் ஒரு மரு. குளத்தில் வெல்லம் கரைந்தால் மருவும் கரையும் என்பது நம்பிக்கை. அம்மிக் குழவி மாதிரி ஒரு வெல்ல உருண்டையை வீசினாள். விழுந்த இடத்தில் ரோசா போய்ப் பழுப்பு வந்தது. நான் பதறிப்போய் மருந்து கரைத்தேன். மறுபடி ரோசா.

"சாமி ஏத்துக்கினாருடி! நெறம் மாறுது பாரு!"

அவ்வளவுதான், சுற்றிலும் வெல்லமழை. மரு இல்லாதவர்கள் இனிமேல் வரப்போகிற மருவுக்காக வீசினார்கள்.

"ஏம்மா, போடாதீங்க! வெல்லம் பட்டா மருந்து செத்துப்போவுது!"

"நீ கரைப்பா. மீதிய சாமி பாத்துப்பாரு!"

கரைத்தால் வெல்லம் விழுகிறது, நிறுத்தினால் தண்ணீர் கெடுகிறது. கரையேறலாமென்றால் நாலு பக்கமும் கூட்டம். மத்தியானத்துக்குள் கரையிலிருந்த எறும்புகளெல்லாம் கெளுத்தி மீன் முதுகில் ஏறித் தெப்பத்துக்கு வந்துவிட்டன. என் கண்ணால் பார்த்தேன். மூட்டையில் ஒரு பிடி மருந்துதான் மிச்சம்.

வேலி வாசலில் காவலுக்கு நின்ற மெஹபூப் பாஷாவுக்கு எதிரிலேயே டீக்கடை. அவனைப் பார்த்துக் கத்தினேன்: "பாஷா, பாய்லர் தண்ணியக் குடத்துல ஊத்தி ஆறவை! கௌரியம்மா, தாகத்துல வர்ற காவடிக்காரனுக்கு அதுல வெல்லம் கரைச்சுக் குடு. அவன் முழுங்க முழுங்க உன் மரு கரையும்!"

முதல் ஆள் பானகம் குடித்ததும் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஆங், கொறஞ்சிருக்குது."

கூட்டம் குடத்துக்குப் போயிற்று. கடைசிப் பிடியைக் கரைத்தேன். சாயங்காலம் வேதாசலம் வந்தார். ரோசா அப்படியே நின்றது.

"எறங்குடா தேசப்பா."

தெப்பத்தைக் கரைக்கு ஓட்டினேன். கௌரியம்மாள் குறுக்கே வந்தாள். "இவரு எறங்குனா நெறம் போயிடும் சார்! அங்கியே இருக்கட்டும்!" நாலு பேர் காவடித் தண்டால் தெப்பத்தைத் திருப்பித் தள்ளினார்கள்.

வேதாசலம் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நான் நடுவில் இருக்கிறவரை ஒருத்தரும் குளத்தில் காலைக்கூட நனைக்கவில்லை.

"அவங்க சொல்றதும் சரிதான்" என்று வாசலைத் திறந்துவிட்டார்.

பேதி ஒருத்தருக்கும் வரவில்லை. திருவிழா முடிகிறவரை, மூங்கில் நுனியில் கட்டிப் புளிச்சோறு அனுப்பினார்கள். அப்புறம் திருவாலங்காட்டுக் குளத்துக்கும் இப்படி ஓர் ஆள் தேவை என்று சேதி வந்தது. என்னை இறக்காமல், தெப்பத்தோடு தூக்கி மாட்டுவண்டியில் வைத்தார்கள்.