டெல்ஃபின் சொல்ல வேண்டிய பதில்

சாயங்காலம் டாக்டர் வில்லாருஸ் வருவதற்குள் கணினி பேசியாக வேண்டும். அது பேசினால்தான் கிறிஸ்பினின் அண்ணன் டெல்ஃபின் பேச முடியும்.

டெல்ஃபின் இலோய்லோ நகரில் ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஓட்டியவர். ஹாரோவிலிருந்து மோலோவுக்குப் போவதற்குள் குறுக்கே வந்தவன், சில்லறை தராதவன், போலீஸ்காரன் என்று ஒருத்தரையும் விட்டுவைக்காமல் வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பார். நரம்பு நோய் வந்து கால், கை, நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் ஒரு விரல் மிஞ்சியது. அந்த விரலுக்காகத்தான் கிறிஸ்பின் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டு போகும். வேண்டிய எழுத்து வரும்போது அண்ணன் பொத்தானை அழுத்துவார். வாக்கியம் முடிந்ததும் கணினி அதை உரக்கச் சொல்லும். அவ்வளவு கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டியும் பாதி நேரம் தம்பியைத் திட்டத்தான் அதைப் பயன்படுத்தினார், பாவி மனிதர்.

இப்போது அந்த விரலும் அடங்கிவிட்டது. மூச்சும் திணறத் தொடங்கிவிட்டது. தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தோடு இணைத்தால் இன்னும் சில வருஷம் இருக்கலாம், இல்லாவிட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது சிரமம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துளை போடுங்கள் என்று டெல்ஃபினின் மனைவி அம்பாரோ உடனே சொன்னாள். கிறிஸ்பினும் அதையேதான் சொன்னான். டாக்டர் அம்மாள் மசியவில்லை.

"உங்க ஆசை எனக்குப் புரியுது. கண்ணைச் சிமிட்டினா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்வீங்க. எனக்கு அவர் சொல்லாவே வரணும்" என்றார்.

விழி அசைவைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் கேமரா ஒன்றை கிறிஸ்பின் வாங்கிவைத்திருந்தான். ஆனால் அது பைத்தானின் புதிய பதிப்போடு மட்டுமே ஒத்துப்போகும். வீட்டுக் கணினியில் இருந்தது அரதப் பழசு. காலையில் முதல் வேலையாகப் புதியதை இறக்கி நிறுவினான். எதைக் கூப்பிட்டாலும் பழையதுதான் வந்து முன்னால் நின்றது. எரிச்சல் தாங்காமல் பழையதை அடியோடு நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். இன்னின்னவும் சேர்ந்து போகும், சம்மதமா என்று கணினி ஒழுங்காகத்தான் கேட்டது. கணினித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி நீளமாக இருந்தால் படிக்கவே மாட்டார்கள், சம்மதம் என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவனும் தட்டினான்.

அந்தக் கணினியின் பாதி உறுப்புகள் பழைய பைத்தானை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. படங்கள் போயின, சுட்டி போனது, இணையமும் போனது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. நாட்கணக்காகப் பேசாமல் கிடக்கும் மனிதரை ஒரேயடியாக ஊமையாக்கிவிட்டோமே என்று கிறிஸ்பின் தன்னையே நொந்துகொண்டான்.

ராத்திரியெல்லாம் கணவன் பக்கத்தில் கண்விழித்திருந்த அம்பாரோ, அவனுக்குக் கோழிக் கஞ்சியோடு வந்து, திரையையும் அவன் முகத்தையும் பார்த்தாள். சரியாகிவிடுமா என்று கேட்டாள். ஆகிவிடும் என்றான். மூச்சு இயந்திரம் வைப்பதற்குக் கட்டிலின் தலைமாட்டில் ஏற்கெனவே இடம் ஒழித்திருந்தாள். அந்த இடத்தை மறுபடி ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் சேமித்துவைத்த வாக்கியங்களையும் நிரலையும் முதலில் பென் டிரைவில் பத்திரப்படுத்தினான். பிறகு கணினியை அடியிலிருந்து புதிதாக நிறுவினான். இந்தத் தடவை பழையதன்மேல் கை வைக்காமல், புதிய பதிப்பைத் தனி மூலையில் குடிவைத்தான். அதற்குப் பிறகும் நிரல் முரண்டு பிடித்தது. பழைய பதிப்பு ஏழு என்ற எண்ணை இரண்டால் வகுத்தால் மூன்று என்று சொல்லி மீதியை விட்டுவிடும். புதியது மூன்றரை என்று அடம்பிடிக்கும். மூன்றரையாவது வரிசையில் எழுத்து ஏது? வகுக்கும் இடங்களையெல்லாம் தேடித் தேடித் திருத்தினான். டாக்டரின் குடை வாசலில் மடங்கும் சத்தம் கேட்டபோது, டெல்ஃபினின் பார்வை எந்த எழுத்துக்குப் போனாலும் அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போய் நின்றது.

டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். துளை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, எதுவானாலும் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றெல்லாம் சொன்னார். அம்பாரோ அவர் பக்கத்தில் ஜெபமாலையோடு நின்றாள். அவர்களுக்குத் திரையின் முதுகுதான் தெரிந்தது. முன்பக்கத்தைப் பார்க்கக் கூடியவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டுமே.

பச்சைக் கட்டம் மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. *துளை வேண்டாம். போதும். அம்பாரோ தூங்கட்டும்.*

உரக்கச் சொல்ல, கீழ் மூலையில் இருந்த 'சொல்' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். டெல்ஃபினின் விழி அந்த மூலைக்குப் போயிற்று, ஆனால் கேமராவுக்கு அது எட்டவில்லை. மறுபடி போயிற்று. மறுபடியும் எட்டவில்லை.

"என்ன சொல்றார், டோ?" என்றாள் அம்பாரோ. கொழுந்தனை அவள் என்றைக்குமே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் டெல்ஃபினை 'மனோங்', அண்ணா என்பதுபோல, அவளுக்கு அவன் 'டோ', தம்பி.

இன்னும் சரியாகவில்லை என்று கிறிஸ்பின் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் அடுத்த வாரம் வருவார். அதற்குள் மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரியில் யாரையும் கேட்காமல் குழாயைப் போட்டுவிடுவார்கள். அண்ணன் உயிரோடு இருப்பார். காலையிலிருந்து இந்தப் பாடு பட்டதெல்லாம் அதற்காகத்தானே! அவன் குனிந்து அண்ணன் காதோரம் மெல்லக் கேட்டான்.

"நிஜமாவா, மனோங்?"

டெல்ஃபின் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விழிகள் திரைக்குத் திரும்பின. *நிஜம்தான். அழுத்துடா கழுதை.*

கிறிஸ்பின் கை நீட்டி, சுட்டியால் 'சொல்' கட்டத்தை அழுத்தினான்.

எதை விடுவது, எதைச் சொல்வது என்று அந்தக் குரலுக்குத் தெரியாது. திரையில் இருந்த அத்தனையையும் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. துளை வேண்டாம், போதும், அம்பாரோ தூங்கட்டும், நிஜம்தான், அழுத்துடா கழுதை.

டாக்டர் தலையை அசைத்து, டெல்ஃபினின் பாதத்தின்மேல் கை வைத்தார். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. அம்பாரோ கணவனைப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி வார்த்தைகள் யாருக்கு, எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கிறிஸ்பினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அழுத்தாமலே இருந்திருக்கலாமே, டோ" என்றாள்.