வென்றால் நூறு

புனே விமான் நகரில் ஸ்ரீவத்சனின் பிளாட்டில் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு விளையாட்டு தொடங்கும். அவன்தான் கதை சொல்பவன். குகை, காடு, பூதம் எல்லாம் அவன் பொறுப்பு. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்டுவார்கள்; பெரிய எண் விழுந்தால் காரியம் பலிக்கும். கடைசியில் ஸ்ரீவத்சன் அனுபவப் புள்ளிகள் கொடுப்பான். புள்ளி சேரச் சேர, பாத்திரம் ஒரு படி மேலே ஏறும்.

ஆறு மாதத்தில் ஜோபினின் கோடரி வீரன் ஐந்தாம் படிக்குப் போய்விட்டான். ஸ்ரீவத்சனோடு வேலை பார்க்கும் சுப்ரஜாவின் வில்லாளியும் அப்படியே. ஜோபினின் அக்கா ஈனிட்டின் வைத்தியச்சி மட்டும் முதல் படியிலேயே நின்றாள். கோர்படிப் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சரான ஈனிட், எந்த மிருகத்தைப் பார்த்தாலும் முதலில் பேச்சுக் கொடுத்துவிடுவாள்.

அந்த ஞாயிறு ஒரு பூதம் பாலத்தை மறித்து நின்றது. மேசையில் வைத்த அதன் பொம்மைக்கு ஸ்ரீவத்சன் இரண்டு நாள் உட்கார்ந்து பச்சை வர்ணம் அடித்திருந்தான். ஜோபின் பகடையைக் கையில் எடுத்தான்.

"இரு டே," என்றாள் ஈனிட். "ஸ்ரீ, அது ஏன் இப்படிக் கத்துது? பல்லு வலியா?"

பூதத்தின் பல்லைப் பற்றி ஸ்ரீவத்சன் யோசித்ததே இல்லை. "இருக்கலாமுங்க," என்று சொல்லிவிட்டான்.

ஈனிட் உருட்டியதில் பத்தொன்பது விழுந்தது. சொத்தைப் பல் வெளியே வந்தது. நன்றியோடு பூதம் மூவரையும் தோளில் தூக்கிப் பாலத்தைத் தாண்டிவிட்டது.

"வழியில வவ்வாலக் கொன்ன நூறுல ஜோபினுக்கு அம்பது, சுப்ரஜாவுக்கு அம்பது," என்றான் ஸ்ரீவத்சன். "அக்காவுக்கு சைபருங்க. கொன்றால்தான் பாயின்ட். ரூல் அப்படி."

"ரூல் எங்க?" என்றாள் ஈனிட்.

ஆங்கிலப் புத்தகத்திலிருந்து விதிகளைத் தானே தமிழாக்கி, லேமினேட் செய்து மேசையில் வைத்திருந்தான் ஸ்ரீவத்சன். கோயம்புத்தூர்க்காரனின் பெருமை அது. புனேயிலேயே வளர்ந்த ஜோபினுக்குத் தமிழ் வாசிக்க வராது; சுப்ரஜாவுக்குப் பொறுமை கிடையாது. ஈனிட்டுக்கு மட்டும் சர்ச்சில் தமிழ் பைபிள் வாசித்த பழக்கம் உண்டு. விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"எதிரியை... வென்றால்... நூறு." நிமிர்ந்தாள். "இது 'வெ' தானே? 'கொ' இல்லியே?"

சுப்ரஜா எட்டிப் பார்த்தாள். "வென்றால்தான்! ஸ்ரீ, நீயே எழுதிட்டு நீயே படிக்கலையா?"

"டைப்பிங் மிஸ்டேக்," என்றான். ஈனிட் அட்டையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "இல்லீங்க... புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்குது."

"அப்போ போன மாசத்து ஓநாய்? பாட்டுப் பாடித் தூங்க வெச்சேன்லா? கெணத்துப் பேய்? ஒரு மணி நேரம் அது அழுததக் கேட்டிருக்கேன்."

எல்லாவற்றையும் கூட்டியபோது, ஈனிட் ஒரே மதியத்தில் ஆறாம் படிக்கு ஏறியிருந்தாள்.

"அரே யார், பல்லப் புடுங்கி லெவல் சிக்ஸா!" என்று இந்தி கலந்து வியந்தான் ஜோபின்.

அடுத்த ஞாயிறு ஜோபின் கோடரியைக் கீழே போட்டுவிட்டு, எதிரே வந்த குட்டிச்சாத்தான்களிடம், சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தான். சுப்ரஜா ராட்சதச் சிலந்தியிடம் பிள்ளைகள் எந்த ஸ்கூல் என்று கேட்டாள். ஐந்து மணிக்குள் குகையில் ஒரு கொள்ளைக்காரனைத் தவிர எல்லாருமே சிநேகிதமாகிவிட்டார்கள். ஸ்ரீவத்சனின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன ஸ்ரீ, மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்றாள் ஈனிட்.

"அக்கா, ஒரே ஒரு சண்டைங்க. சின்னதா."

ஈனிட்டுக்கு இரக்கம் வந்துவிட்டது. கொள்ளைக்காரன் தலையில் கைத்தடியால் ஒன்று போடுவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினாள். இருபது. ஆள் காலி. ஸ்ரீவத்சன் எழுந்து நின்று அந்தச் சாவை நான்கு நிமிடம் வர்ணித்தான்.

ஈனிட்டின் முகம் சுருங்கியது. "பாவம். அவனுக்கு யாராவது இருக்காங்களா?"

ஸ்ரீவத்சன் நோட்டைப் புரட்டினான். அதில் ஒன்றும் இல்லை. நோட்டை மூடிவிட்டு, "ஒரு தங்கச்சி இருக்குதுங்க," என்றான். "பயங்கரக் கோவக்காரி. இப்பத்தான் அண்ணனத் தேடிட்டு உள்ள வர்றா."

மூவரும் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.