எங்க பாஷையில நன்றி கொஞ்சம் நீளம்

முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்ளச் சொன்னான் கேமராக்காரன். ஓட்டலின் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டு பவுடர் போட்டால் அது முகத்தில் நிற்குமா? ஒரு பக்கம் கொதிக்கிற ஆவி, இன்னொரு பக்கம் சோப்புத் தண்ணீர் வாடை. போட்ட கையோடு பவுடர் வழிந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. அழுக்குத் துணி வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, பின்னணிக்கு வெள்ளை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். விரிப்புக்குப் பின்னால் இருந்தது, ஈரத் துணியைச் சூட்டில் தேய்த்துத் தள்ளுகிற உருளை மிஷின். கூட வேலை செய்த குருவியின் கையைத் தின்ற மிஷின். அதையே மறைத்துவிட்டு அதற்கு முன்னால் நின்று சிரிக்கச் சொல்கிறார்களே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் ஓட்டலில் நன்றி வாரம். வேலை செய்கிற ஒவ்வொருத்தரும் அவரவர் பாஷையில் விருந்தினர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதைப் படம் பிடித்து முன்கூடத்துப் பெரிய திரையில் ஓட்டுவார்கள். வேலைக்காரர்கள் நடக்கிற பின்பக்கத் தாழ்வாரத்தில் வண்ணக் காகிதப் பூக்களை வெட்டி ஒட்டி, பூவுக்கு ஒரு பாஷையில் நன்றி என்று எழுதியும் வைத்திருந்தார்கள். மெர்சி, சுக்ரன், சலாமத், அரிகாத்தோ, அசாந்தே. பாத்திரம் கழுவுகிறவன், மூட்டை தூக்குகிறவன், கழிவறை தேய்க்கிறவள் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் யாரோ, சொல்லிக்கொண்டிருப்பவர்கள் யாரோ. இந்தக் கூத்தைக் கேட்க நாதியில்லை.

அக்கா என்பது அவள் பெயரில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன்னைவிடச் சின்னப் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் உறுத்தியதால், அக்கான்னு கூப்பிடுங்கடி என்று சொல்லிவைத்தாள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த பெண்கள், அதுதான் இவள் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். அது அலுவலகம் வரைக்கும் போய், கடைசியில் சட்டையில் குத்துகிற பெயர்ப் பட்டையிலும் அப்படியே அச்சாகி வந்துவிட்டது. மேனேஜர் அம்மாவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அவளும் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முன்பெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் இவள். இப்போது சிரிப்பு வரவில்லை.

நன்றி என்ற சொல்லும் அவள் வாய்க்குப் பழக்கமில்லாததுதான். அவள் வளர்ந்த வீட்டில் யார் யாருக்கு நன்றி சொன்னார்கள்? அம்மா சோறு போட்டால் பிள்ளை நன்றி சொல்லுமா? சொன்னால் பிள்ளைக்கு ஏதோ கோபம் என்று அர்த்தம். நல்லா இரு என்பார்கள், மகராசி என்பார்கள், சாப்பிட்டுட்டுப் போயேன் என்பார்கள். நன்றி என்பது மேடையில் மைக்கைப் பிடித்தவர்கள் சொல்வது. குருவி அப்படியில்லை. விரிப்பை மடிக்கும்போது இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்து சேர்ப்பார்கள் அல்லவா, ஒவ்வொரு தடவை கை தொடும்போதும் அவள் அசாந்தே என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு, அத்தனை அசாந்தே. நாள் பூராவும் கீச்சு கீச்சென்று பேசுகிறவள் என்பதால் குருவி என்று பெயர் வைத்ததே அக்காதான். "எதுக்குடி எனக்குப் போயி நன்றி, நான் என்ன அசலா?" என்று தமிழிலேயே திட்டுவாள். அதற்கும் ஒரு அசாந்தே வரும்.

உருளை மிஷினின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் மிஷின் நின்றுவிடும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறான், செய்தவன் முட்டாள் இல்லை. ஆனால் துணியின் மடிப்பு பட்டாலும் நின்றுவிடுகிறது, வேலை ஓட மாட்டேன் என்கிறது என்று சூப்பர்வைசர் தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவைத்தார். அக்காவும் குருவியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கட்டினார். "வேண்டாம்ண்ணே, கை போயிடும்," என்று அக்கா சொல்லவும் செய்தாள். "பார்த்துப் போட்டா ஏன் போவுது?" என்றார் அவர். ரெண்டு வாரம் கழித்துப் போயே விட்டது. குருவியின் வலது கை விரிப்போடு விரிப்பாக உள்ளே போனதையும், சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு அவளை இடுப்போடு பிடித்து இழுத்ததையும் அக்கா இன்னும் தினம் ஒரு தடவை முழுசாகப் பார்க்கிறாள்.

அன்று சாயங்காலமே மேனேஜர் அம்மா அவளைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். அந்த ஊர்ப் பாஷையில் வா, போ, மடி, சூடு என்பதற்கு மேல் அக்காவுக்கு ஓடாது. சூப்பர்வைசர்தான் நம் பாஷைக்காரர் ஆயிற்றே, அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். கம்பியைக் கட்டியது, தான் தடுத்தது, எல்லாம். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, நிதானமாக எடுத்துச் சொன்னார். மேனேஜர் அம்மா வருத்தப்பட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நல்ல மனுஷர், தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிறாரே என்று அக்கா மனசுக்குள் மெச்சிக்கொண்டு வேறு வந்தாள்.

ஒரு வாரத்தில் குருவியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவு, அதனால் வைத்தியச் செலவும் அவள் தலையில்தான் என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா கூப்பிட்டபோது குருவி போனை எடுக்கவில்லை. அவள் உறவுக்காரி ஒருத்தியின் அறையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அக்கா தேடிப் போனாள். கதவைத் திறந்தது குருவிதான். கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணிக் கட்டுப் போட்டிருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த அந்த அரைகுறைப் பாஷையில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நீ சொன்னே. மேனேஜர்கிட்ட. என் தப்புன்னு நீ சொன்னே."

அக்காவுக்குப் புரிய நேரமாகிவிட்டது. அதற்குள் குருவி, "அசாந்தே, அக்கா," என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டிப் பையோடு அக்கா அந்த மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொல்லைச் செருப்பால் அடிப்பது மாதிரியும் சொல்ல முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் சோப்பு அறையில் சூப்பர்வைசரை மறித்துக்கொண்டாள்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"தங்கச்சி, பொழைக்க வந்த இடம். உன் வேலையும் போயிடக் கூடாதுன்னுதான் அப்பிடிச் சொன்னேன். அவ வேற ஊர்க்காரி. நாம நாமதானே?"

"அவ கை வெந்து கெடக்குது."

"அதுக்குத்தான் நானே கைக்காசு போட்டுப் பழம் வாங்கி அனுப்பினேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார். அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்று மிஷின், கம்பி என்று கையைக் காலை ஆட்டிப் பார்த்தாள். மேனேஜர் அம்மா அன்பாகச் சிரித்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, மிஷின் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். மேனேஜர் அம்மா மறுபடியும் தோளைத் தட்டினாள். தன் வாயை இன்னொருத்தன் எடுத்து அவன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறான் என்பது மாதிரி இருந்தது அவளுக்கு. ராத்திரிகளில் பல்லை நறநறவென்று கடிக்கிறாய் என்று புருஷன் சொன்னான். குருவியின் இடத்தில், அதே மிஷினுக்கு முன்னால், இப்போது துணி போடுவது அக்காதான். கம்பியும் இன்னும் கட்டினபடியேதான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கேமரா வந்தது. இத்தனை பெரிய ஓட்டலில், வருகிற போகிற கூட்டத்தில், தமிழ் தெரிந்த ஒருத்தராவது தங்காமலா போய்விடுவார் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

"சிரிச்ச முகமா நில்லு தங்கச்சி. ஒரே வார்த்தைதான், சொல்லிட்டுப் போயிட்டே இரு," என்றார் சூப்பர்வைசர்.

அக்கா சிரித்தாள். கை கூப்பினாள். சிரிப்பு மாறாமல், கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, அம்மா, தமிழ் தெரிஞ்சவங்க யாராச்சும் இதைக் கேட்டா மேனேஜர்கிட்ட சொல்லுங்க. இந்த வெள்ளைத் துணிக்குப் பின்னாடி இருக்கிற மிஷின்ல ஒரு பொண்ணு கை வெந்துபோச்சு. தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டினது இதோ நிக்கிறாரே, எங்க சூப்பர்வைசர். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ தப்புன்னு நான் சொன்னதா இவர் சொன்னது பொய். நீங்க படுக்கிற விரிப்பெல்லாம் அந்த மிஷின்ல போனதுதான்."

மற்றவர்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போனார்கள். இவள் இவ்வளவு பேசியதும், கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜர் அம்மாவுக்கு ஆச்சரியம். என்ன இவ்வளவு நேரம் சொல்கிறாள் என்று சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. சொன்னால் அவரே அகப்பட்டுக்கொள்வார், சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஏதோ சொன்னார். மேனேஜர் அம்மா உருகிப்போய்க் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் விரிப்பு மடிக்கிற உயரக்காரி பிறகு அக்காவுக்கு ஜாடையும் அரைகுறைப் பாஷையுமாக விளக்கினாள். எங்கள் பாஷையில் நன்றி கொஞ்சம் நீளம் என்று சொன்னாராம்.

அன்றைக்கு அக்காவுக்கு வயிறு நிறையச் சாப்பாடு இறங்கியது. அப்புறம் காத்திருந்தாள். இன்றைக்கு யாராவது வருவார்கள், நாளைக்கு யாராவது வருவார்கள் என்று ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். யாரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் மத்தியானம், துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சாக்கில் முன்கூடத்துக் கதவை ஒரு கண் அளவுக்குத் திறந்து பார்த்தாள். திரையில் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பாத்திரம் கழுவுகிறவன், உயரக்காரி, பிறகு அக்கா. பூ பூவாக வரைந்த கட்டத்துக்குள் பவுடர் வழிந்த முகம் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. கேட்டது பியானோ சத்தம் மட்டும்தான். எல்லோருடைய குரலையும் எடுத்துவிட்டு இசையைப் போட்டிருந்தார்கள். அவள் முகத்துக்குக் கீழே தமிழில், பெரிய எழுத்தில், நன்றி என்று இருந்தது.

அக்கா அழவில்லை. நேராகச் சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போய், உயரக்காரியின் கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கிக் கீழே போட்டாள். கம்பியைக் காட்டினாள், அதைக் கட்டியிருந்த உறைத் துணியைக் காட்டினாள், சூப்பர்வைசர் உட்காருகிற நாற்காலியைக் காட்டினாள். இதை இந்த ஊர்ப் பாஷையில் எப்படிச் சொல்வது? உயரக்காரி பயந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். பாத்திரம் கழுவுகிறவன் எட்டிப் பார்த்து ஒரு சொல்லைத் திருத்தினான். ஆவிச் சத்தத்துக்கு நடுவில் அக்கா அதையே உருப்போட்டாள். நாக்கு புரளவில்லை. புரளுகிற வரைக்கும் சொன்னாள்.

ஈர ரப்பர் செருப்போடு முன்கூடத்துக் கம்பளத்தில் நடந்தபோது காவல்காரன் வாயைப் பிளந்தான். பெட்டிகளோடு நின்றிருந்த விருந்தினர்கள் திரையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, திரையில் இருப்பவளே நேரில் வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக் கைதட்டினார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருந்த மேனேஜர் அம்மாவும் தட்டினாள். சூப்பர்வைசர் எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"தங்கச்சி, இங்கெல்லாம் வரக் கூடாது. உள்ள வா, என்னன்னு பேசிக்கலாம்."

"நீங்க பேசினது போதும்ண்ணே."

அக்கா மேனேஜர் அம்மாவைப் பார்த்து, அவளுடைய பாஷையில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கை போனது, அவள் தப்பு இல்லை. கம்பி, இவர் கட்டினார். நான் பார்த்தேன்.

கைதட்டல் அங்கங்கே நின்றது. தெளிவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் நின்ற விருந்தினர் ஒருவர் புருவத்தைச் சுருக்கி சூப்பர்வைசரைப் பார்த்தார். ஆனால் மேனேஜர் அம்மா, அதே அன்பான சிரிப்போடு, பழக்கம் விடாமல், சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் போய், மேனேஜர் அம்மாவின் மூச்சு முகத்தில் படுகிற நெருக்கத்தில், அவர் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள். நின்று, முதல் சொல்லிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.