ராகிக் கட்டுகள்

என் கணவர் திம்மராயனுக்கு நடுக்குவாதம். கை நடுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். அதுதான் எனக்கு ஆகாது. வாசற்படியைத் தாண்டவே அரை நாள் ஆகும். கிருஷ்ணகிரி டாக்டர் தினமும் நடக்கவைக்கச் சொல்லியிருந்தார். நானும் கையைப் பிடித்து இழுப்பேன், திட்டுவேன். இழுக்க இழுக்கக் கல்லாகிவிடுவார்.

அன்று உத்தனப்பள்ளி ரோட்டில் எங்கள் தெரு நாராயணப்பன் அறுத்த ராகிக் கட்டுகளை வரிசையாகக் குறுக்கே போட்டிருந்தான். பஸ் சக்கரம் ஏறினால் கதிரிலிருந்து மணி உதிர்ந்துவிடும். கட்டுகளைக் கண்டதும் இவர் நின்றுவிட்டார்.

"மிதிச்சிக்கிட்டே வாங்க," என்றேன்.

"திங்கிற ராகிய மிதிக்கலாமா?"

காலை உயரத் தூக்கி முதல் கட்டைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். அப்புறம் நிற்கவேயில்லை; நான்தான் பின்னால் ஓடினேன். கட்டுகள் முடிந்ததும் நடுரோட்டில் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. இந்த முறை நான் அவரை இழுக்கவில்லை. ஒரு கட்டைத் தூக்கி அவர் காலுக்கு முன்னால் போட்டேன். தாண்டினார். இன்னொன்று போட்டேன். ரோட்டோரம் வந்து சேர்ந்தார். பஸ் எங்களைக் கடந்து போனது.

சாயங்காலம் நாராயணப்பன் தெருவில் நின்று கத்தினான். "என் ராகிக் கட்டு எங்க போச்சி?"

அவை எங்கள் கட்டிலிலிருந்து வாசல்வரை குறுக்கே கிடந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழுந்தார். ஒவ்வொன்றாகத் தாண்டி, வாசற்படியையும் தாண்டி, அவன் எதிரே போய் நின்றார்.

"எங்கிட்டதான் இருக்குது. தரமுடியாது, போ."