சடையன் வாங்கிய இன்ஜின்

எனக்குக் கோபம் அதிகம் என்பது ஏற்காடு பஜாரில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை அங்குல ஆணி வேண்டும் என்று தெரியாமல் கடைக்கு வந்து நிற்கிறவனைத் திட்டித்தான் அனுப்புவேன். ஆனால் இஸ்மாயில் பாய் பொய் சொல்கிறவர் என்று யாரும் சொன்னதில்லை. அறுபத்திரண்டு வயதில் அந்தப் பெயரையும் சம்பாதித்துக்கொண்டேன். அதுவும் ஹஜ்ஜுக்குப் போவதற்காக.

என் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஓர் இத்தாலிக் கார் கிடந்தது. லான்சியா அப்பியா. ஊரைவிட்டுப் போன ஓர் எஸ்டேட் மேனேஜர் என் அத்தாவிடம் விற்றுவிட்டுப் போன வண்டி. அதன் முன்கதவும் பின்கதவும் பீரோ கதவு போல எதிரெதிராகத் திறக்கும், நடுவில் தூண் கிடையாது. கியர் பெட்டி உடைந்த பிறகு அதற்குச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. அத்தா அதை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் அதன் மேல் சிமெண்ட் மூட்டை அடுக்கினேன். பூனைகள் பின்சீட்டில் குட்டி போட்டன.

போன வருஷம் ஹஜ் குலுக்கலில் எனக்கும் என் மனைவி ரஹமத் பீவிக்கும் சேர்த்தே இடம் கிடைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே விஷயம் அதுதான். நகை கேட்டதில்லை, சேலத்தில் வீடு கேட்டதில்லை. "போனா ரெண்டு பேரும் சேந்து போவோணுங்க. நீங்க இல்லாம நான் போக மாட்டேன்" என்பாள். முதல் தவணையைக் கட்டிவிட்டோம். மீதிக்கு வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஜெப்சன் வந்தான். பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்பது அவன் தொழில். யார் மூலமாகவோ கேள்விப்பட்டிருக்கிறான்.

மூட்டைகளை இறக்கிவிட்டுக் காரைக் காட்டினேன். அவன் கதவுகளைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். குனிந்து அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தான். துரு இருந்தது, ஓட்டை இருந்தது. ஆனாலும் அவன் முகத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பிடித்துப்போனவனின் களை. பிறகு பானெட்டைத் தூக்கினான். உள்ளே ஒரு கோணிப்பை மட்டும் கிடந்தது.

"சார், இன்ஜின் எங்கே?"

எனக்குத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தலைச்சோலை கிராமத்திலிருந்து சடையன் என்ற விவசாயி அந்த இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போனார். அவர் காபித் தோட்டத்துக்குக் கரண்ட் கிடையாது. பறித்த பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினைக் கையால் சுற்றிச் சுற்றி அவருக்கும் அவர் மனைவிக்கும் தோள் இறங்கிப்போயிருந்தது. இன்ஜினுக்கு விலையாக இரண்டு வருஷத்து ஆரஞ்சு முழுவதையும் அத்தாவிடம் கொடுத்தார். மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டவனே நான்தான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அத்தாவும் சடையனும் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அது வாங்கிய பொருள் என்று அறிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.

"ஆர்.சி. புக்குல இருக்கிற நம்பரோட அந்த இன்ஜின் வேணும் சார். அது இருந்தா ஒன்பது லட்சம். இல்லேன்னா இது வெறும் கூடு. மூணுக்கு மேல வராது."

மூன்று என்றால் ஒருவர் போகலாம். ஒன்பது என்றால் இருவரும் போகலாம். கணக்கு அவ்வளவுதான்.

மறுநாளே ஜெப்சனோடு தலைச்சோலைக்குப் போனேன். டிசம்பர் மாதம், பழம் பறிக்கிற நேரம். சடையனின் மகன் சின்னன் தோட்டத்தில்தான் இருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், அதிகம் பேச மாட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் சுற்ற, பல்பர் பழத்தை வாங்கித் தோலை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் துப்பியது. ஜெப்சன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

விலைக்குக் கேட்டிருக்கலாம். ஒரு லட்சம் தருகிறேன், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது இன்றுவரை எனக்கே முழுதாக விளங்கவில்லை. அவர் மறுத்துவிடுவாரோ என்ற பயம் ஒன்று. கேட்காமலே கிடைக்கிற வழி இருக்கும்போது எதற்குக் கொடுப்பது என்ற அற்பப் புத்தி இன்னொன்று. ஆர்.சி. புக்கை விரித்து நம்பரைக் காட்டினேன்.

"சின்னா, இது எங்க அத்தா உங்கப்பாருக்கு இரவலாக் குடுத்ததுப்பா. இப்பக் காரை விக்கறேன். திருப்பி வேணும்."

வெகு சாதாரணமாக வந்தது பொய்.

சின்னன் புத்தகத்தைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். பிறகு குனிந்து அதை நிறுத்தினார். "ஏனுங்க பாய், இரவல்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே. எங்கப்பன் சொல்லவே இல்லீங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். போல்ட்டைக் கழற்றியதும் அவர், வண்டி வரைக்கும் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்ததும் அவர். ஏற்றுவதற்கு முன் ஒரு துணியை எடுத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தும் கொடுத்தார். ஜெப்சன் ஒன்பது லட்சத்தைக் கொடுத்துக் காரைக் கொண்டுபோனான், நான் ஹஜ்ஜுக்கு மீதியைக் கட்டிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் கடைக்கு வந்து ஒரு மூட்டை மிளகை இறக்கினார். "அத்தனை வருசம் ஓட்டினதுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். பயணம் போகிறவர்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு என்று ரஹமத் பீவி நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க முடியும். அதை விட்டுவிட்டு அங்கே போய் அழுது பயனில்லை. ஏப்ரலில் நானும் அவளும் கிளம்பினோம். என் கோபத்துக்கு மன்னிக்க வேண்டியவர்கள் பஜாரில் நிறையப் பேர். எல்லோரும் சிரித்துக்கொண்டே மன்னித்தார்கள். ஆணிக்காரன் மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

தலைச்சோலைக்குப் போகாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ரஹமத் பீவி விடவில்லை. "மிளகு குடுத்த மனுசனுக்குச் சொல்லாமப் போறதுங்களா?" என்று என்னை ஜீப்பில் ஏற்றினாள்.

சின்னனின் மனைவி வெள்ளையம்மாள் பாய் விரித்தாள், காபி கொடுத்தாள். நான் வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். சின்னன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்து கேட்டா மன்னிச்சாச்சுன்னு சொல்லோணும்னு எங்களுக்கும் தெரியுமுங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க. எல்லாம் மன்னிச்சாச்சு."

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், முடிந்தது. வாசலைத் தாண்டியிருந்தால் என் பக்கம் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் எதை மன்னித்தார் அவர்? எதுவென்று தெரியாத ஒருவரிடம் வாங்குகிற மன்னிப்பும் ஏமாற்றி வாங்குவதுதானே? ஒரே மனிதரை இரண்டாம் தடவை ஏமாற்றிவிட்டு மக்காவில் அந்தக் கறுப்பு வீட்டின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தேன்.

"சின்னா, அது இரவல் இல்லப்பா. உங்கப்பா ரெண்டு வருச ஆரஞ்சு குடுத்து வாங்கினது. நான் பாத்திருக்கேன். பொய் சொன்னேன்."

ரஹமத் பீவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முதலில் பேசியது வெள்ளையம்மாள்தான். "பல்பர் நின்னு போயி, பறிச்ச பழமெல்லாம் தோலோடவே காயப்போட்டோமுங்க. மழை வந்து பாதி பூஞ்சை புடிச்சுப்போச்சு. சுத்திலும் நாலு தோட்டத்துப் பழமும் எங்ககிட்டத்தான் உரிக்க வரும். அவங்களுக்கும் அதே கதிதானுங்க."

"அது கெடக்குது புள்ளே" என்றார் சின்னன். என் கையை எப்போதோ விட்டிருந்தார். "பழம் அடுத்த வருசமும் காய்க்குமுங்க பாய். இன்ஜின் எங்கேன்னு ஊருல கேட்டாங்க. கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, எங்கப்பன் அடுத்தவங்க பொருளை அம்பது வருசம் திருப்பிக் குடுக்காம வெச்சிருந்துட்டாருன்னு எல்லார்த்துகிட்டயும் மன்னிப்புக் கேட்டனுங்க. பெத்த அப்பனை என் வாயாலயே திருடனாக்கிப்போட்டேன்."

அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மத்ததெல்லாம் மன்னிச்சாச்சுங்க. இதை எங்கப்பன்தான் மன்னிக்கோணும். அவரு மண்ணுக்குள்ள இருக்காரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

ரஹமத் பீவி வீட்டுக்கு வந்து தொழுதாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பணத்துல நீங்க போவ முடியாதுங்க. கூட்டுக்கு உண்டான மூணு லட்சம் நம்மது, அதுல நான் என் தம்பி அஃப்சலோட போயிக்கறேன். அவன் பேரும்தான் குலுக்கல்ல வந்திருக்குதே." நீங்க இல்லாம நான் போக மாட்டேன் என்று முப்பத்தாறு வருஷம் சொன்னவள் அவள். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. அவளும் வந்து தேற்றவில்லை.

என் பெயரை ரத்து செய்ய எழுதிப் போட்டேன். அந்தப் பணம் திரும்பி வர மாதக்கணக்காகும். அதுவரை பொறுக்க முடியாமல், சரக்கு எடுக்க வைத்திருந்ததையும் காரை விற்றதில் மிஞ்சியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவளோடு தலைச்சோலைக்குப் போனேன். அன்று அவர்களின் ஊர்க்கூட்டம். நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் என்னிடம் கடப்பாரையும் குழாயும் வாங்கியவர்கள், என்னிடம் திட்டும் வாங்கியவர்கள்.

நின்றேன். "சடையன் அந்த இன்ஜினை இரவல் வாங்கலீங்க. விலை குடுத்து வாங்கினாரு. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வெக்கல. இரவல்னு நான் சொன்னது பொய்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு பெரியவர், "இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுங்க பாய், பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் பணத்தைச் சின்னனிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

பஸ் வந்தது. சின்னன் என்னைத் தாண்டிப்போய் ரஹமத் பீவியின் முன்னால் நின்றார்.

"அம்மா, நீங்க மட்டும்தான் போறீங்கன்னு சொன்னாங்க. அங்க போனா எங்கப்பனுக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்கறீங்களா? பேரு சடையனுங்க."

"சடையன்" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.