விட்டுப் படித்த நான்கு வரிகள்

அன்று மழை பெய்ததா, மழைக்கு முந்தைய வெளிச்சம் மட்டும்தான் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாள் முழுவதும் நனைந்த கண்ணாடிக்கு அப்பால் நடந்ததுபோலத்தான் நினைவில் தங்கியிருக்கிறது. மழையே இல்லை என்கிறார் அண்ணி. குடை எடுத்துப் போனதாக அண்ணன் சொல்கிறார். எனக்குக் குடை நினைவில் இல்லை. அண்ணனின் முகமும், சாய்ந்து நின்ற விளக்குக் கம்பமும், நான் விட்டுப் படித்த நான்கு வரிகளும் நினைவில் இருக்கின்றன. இவை சரியாக இருந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது என் வேலை. பின்னறையில் ஒரு மேசை, சுழலும் தேய்ப்புக் கல், அதன்மேல் ஓயாமல் சொட்டும் தண்ணீர். வட்டமாக வரும் லென்ஸைக் கல்லில் பிடித்து, சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்த்து எடுக்க வேண்டும். யாரும் பேச வராத இடம். அதனாலேயே எனக்குப் பிடித்த இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பதும் நான்தான். வாரத்துக்கு ஆறு நாள் ஊமை, ஏழாம் நாள் மட்டும் மணி அடிக்கும் என்று அண்ணி கேலி செய்வார். கல்யாணம் ஆகாததால் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தேன். அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வலது கண்ணுக்கான லென்ஸில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி, இடது கண்ணுக்கானதில் இரண்டு. வெட்டி, சட்டத்தில் பொருத்தி, பவர் பார்க்கும் கருவியில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் புள்ளியைத் துடைக்கலாம். அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வையில் ஒரு கோணல். வலதில் ஒரு பக்கமாக, இடதில் அதற்கு நேரெதிர்ப் பக்கமாக. அவருடைய புதுக் கண்ணாடிக்கு வந்த லென்ஸ்களில் லேசான மங்கல் தெரிந்தது. நம் அண்ணன் போடப்போகிறது, பளிச்சென்று இருக்கட்டும் என்று வெட்டுவதற்கு முன்பே இரண்டையும் நன்றாகத் துடைத்தேன். புள்ளிகளும் சேர்ந்து போயின. எது எந்தக் கையில் இருக்கிறது என்பது தெரியும் என்றே நினைத்தேன். வெளியாள் கண்ணாடி என்றால் கருவியில் வைத்துப் பார்த்திருப்பேன். வீட்டு ஆளுக்கு என்ன சோதனை என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தரை சாய்வாகத் தெரிகிறது, மாடிப்படி மேலே எழும்பி வருகிறது என்று அண்ணன் சொன்னார். கடையில் எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், பழகிடும். பெரும்பாலும் அது உண்மை. ஐந்தாம் நாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் அவருடைய பஸ் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. பஸ்ஸின் வாசலருகே நின்றிருந்த டைப் டீச்சரின் வலது மணிக்கட்டு முறிந்தது. தட்டச்சு சொல்லிக்கொடுப்பவர், கைதான் அவருடைய பிழைப்பு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

எப்படி நடந்தது என்று டிப்போவில் கேட்டார்கள். அண்ணன் மூன்று நாள் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்று வாழ்கிறவர். சாலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவன் எப்படிக் கம்பத்தில் மோதுவான். வேறு காரணம் கிடைக்காமல், கண் அசந்திருப்பேன் என்று எழுதிக் கொடுத்தார். பஸ் ஓட்டுவதிலிருந்து எடுத்துவிட்டு, பஸ் கழுவும் இடத்தில் போட்டார்கள். அங்கே ஆட்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணே, முழிச்சிருக்கீங்களா?” என்று விசாரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாராம்.

நெளிந்துபோன கண்ணாடியை அண்ணன் என்னிடம் கொடுத்தார். பின்னறையில் அதைக் கருவியில் வைத்தேன். வலது இடமாகவும் இடது வலமாகவும் இருந்தன. மேசையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு புது லென்ஸ் வரவழைத்து, இம்முறை புள்ளியைத் துடைக்காமல் வெட்டி, மூன்று தடவை சரிபார்த்து, வேறு சட்டத்தில் போட்டுக் கொடுத்தேன். பழையதில் கீறல் விழுந்துவிட்டது என்றேன். அண்ணன் போட்டுப் பார்த்தார்.

“இப்ப நல்லா தெரியுதுடா. பழகிடுச்சு போல.”

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டேன். பழைய கண்ணாடியைத் தாளில் சுற்றி, மாடியறையில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். இரண்டரை வருடம் அது அங்கேயே இருந்தது.

அந்த இரண்டரை வருடமும் அண்ணன் செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலயத்தில் நான் வாசித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில்தான் முழந்தாளிடுவேன். உதடு அசைவது தெரியும். தூக்கம் என்ற சொல் தெளிவாகக் கேட்கும். வீட்டில் அண்ணி அவருடைய தூக்கத்துக்குக் காவல் இருந்தார். இருட்டிவிட்டால் ரேடியோ கிடையாது, பாத்திரம் உருட்டக் கூடாது, நான் மாடியில் செருப்போடு நடக்கக் கூடாது. ஞாயிறு மதியங்களில் அண்ணன் டைப் டீச்சர் வீட்டுக்குப் போவார். மூன்றாம் மாடி, தண்ணீர்க் குழாய் கீழே. அந்த அம்மாவின் கை சேர்ந்துவிட்டாலும் வாளி தூக்கும் பலம் திரும்பவில்லை. வாரத்துக்கு வேண்டிய தண்ணீரை அண்ணன் படியேறிக் கொண்டுபோய் நிரப்பிவிட்டு வருவார்.

நான் வாசித்தேன். வாரம் தவறாமல், நிறுத்தி நிதானமாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. வாசிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாரும் தன்னையே பார்க்கும்போது, தான் கேட்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் பாடத்தை வாசித்துப் பழகப் பட்டியலைப் பார்த்தேன். மலைமேல் இயேசு பேசிய பகுதி. சகோதரன்மேல் கோபம் கொள்வதைப் பற்றி முதலில். அதை அடுத்து அந்த நான்கு வரிகள். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்கு, தன் சகோதரன் மனதில் தன்மேல் குறை இருக்கிறது என்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போகட்டும். முதலில் அவனோடு சமாதானமாகட்டும், பிறகு வந்து செலுத்தட்டும். சின்ன வயதிலிருந்து தெரிந்த வரிகள்தான். அந்தச் சனிக்கிழமை சத்தமாக வாசித்தபோது குரல் வரவில்லை. மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் அடைத்தது. என் அண்ணன் மனதில் என்மேல் ஒரு குறையும் இல்லையே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அவருக்குக் குறை இல்லாததற்குக் காரணம் நான் சொல்லாததுதான். மறைத்தே ஒருவன் மனதில் குறை வராமல் வைத்திருக்க முடியும் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது இதுதான். கோபத்தைப் பற்றிய பகுதியை வாசித்தேன். மூச்சு வாங்குவதுபோல நிறுத்தினேன். நான்கு வரிகளைத் தாண்டி அடுத்ததிலிருந்து தொடர்ந்தேன். கூரை இடியவில்லை. போதகர் எழுந்து கோபத்தைப் பற்றிப் பேசினார். காணிக்கைப் பை என் பெஞ்சுக்கு வந்தபோது என் கை சட்டைப் பைவரை போய், காணிக்கை உறையைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பிவந்தது. பையை அண்ணனிடம் கடத்தினேன்.

வெளியே வாசலில் அண்ணன் என் தோளில் கை வைத்தார். விபத்துக்குப் பிறகு, ஆலயத்தில் கண் அசந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் வாசிக்கும்போது தன் புத்தகத்தில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வருவது அவருடைய வழக்கம். அது எனக்குத் தெரியும். அன்று மறந்திருந்தேன்.

“நடுவுல நாலு வரி விட்டுட்டியேடா. கண்ணாடிக்காரனுக்கே கண்ணாடி வேணும் போல.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் தொடர்ந்து, அந்த நான்கு வரிக்காகத்தான் காத்திருந்ததாகச் சொன்னார். விபத்து நடந்த மறுமாதம் ஒரு பிரசங்கத்தில் அதைக் கேட்டுவிட்டுத்தான், காணிக்கையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு டைப் டீச்சர் வீட்டுக்கு முதல்முறை போனாராம். அந்த அம்மா கதவைத் திறந்ததும் திட்டித் தீர்த்தாராம். திட்டி முடித்த கையோடு, வந்ததுதான் வந்தாய், அந்த வாளியை மேலே கொண்டுவந்து வை என்றாராம். இதை அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் நின்ற இடத்தில் தரை சாய்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்ச் சட்டைகளைத் தூக்கினேன். தாள் மஞ்சளாகியிருந்தது. மதியம் அண்ணன் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன். இன்றைக்கு மழைதான் வரப்போகிறது என்றார் அண்ணி, அதிசயப்பட்டு.

ஞாயிறு மதியத் தெருக்களுக்கு ஒரு உறக்கம் உண்டு. கடைகள் மூடியிருந்தன. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் வந்தது. வெளிச்சம் எங்கிருந்தும் வராமல் எல்லாவற்றிலும் தங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு வந்தபோது, விளக்குக் கம்பம் அப்படியே சாய்ந்து நின்றது, யாரும் நிமிர்த்தவில்லை. அண்ணன் வழக்கம்போல அதை ஒருமுறை தொட்டுவிட்டு நகரப் பார்த்தார்.

“அண்ணா, இதைப் போட்டுப் பாரு.”

தாளைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, நெளிந்த சட்டத்தைக் காதில் மாட்டினார். வளைவைப் பார்த்தார். தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு இல்லாத படியில் ஏறுகிறவர்போல ஒரு காலைத் தூக்கி வைத்தார். கால் பட்டென்று தரையில் விழுந்தது.

“உன் பழைய கண்ணாடி. வலதும் இடதும் மாத்தி வெட்டிட்டேன். நீ திருப்பிக் குடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

அவர் திரும்பவில்லை. ஒரு பஸ் வந்தது. ஓட்டுநர் அண்ணனை அடையாளம் கண்டு ஹார்ன் அடித்தார். அண்ணன் கையைத் தூக்கவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். அவருக்கு அது எங்கே போவதாகத் தெரிந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

“அப்போ நான் தூங்கல.”

அது கேள்வி இல்லை.

“நான் தூங்கலடா,” என்றார் மறுபடியும், இன்னும் மெல்ல. கண்ணாடியைக் கழற்றித் தாளில் சுற்றி, என்னிடம் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடக்க ஆரம்பித்தார். டைப் டீச்சர் வீடுவரை ஒரு சொல் இல்லை. எனக்கு மௌனம் பழக்கம். ஆனால் அது என்னுடைய மௌனம் இல்லை, அவருடையது.

அந்த அம்மாவிடமும் நானே சொல்ல வேண்டும் என்று கீழ்ப்படியில் வைத்து அண்ணன் சொன்னார். மூன்று மாடி ஏறிச் சொன்னேன். அந்த அம்மா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் அண்ணனைப் பார்த்தார்.

“அப்போ ரெண்டரை வருஷமா தப்பான ஆளையில்ல தண்ணி தூக்க விட்டிருக்கேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நின்னுட்டிருந்தா எப்படி? வாளி கீழே இருக்கு.”

நான் ஆறு வாளி சுமந்தேன். அண்ணனும் தன் பங்குக்கு வாளியை எடுத்தார். நீ விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“பழகிடுச்சு,” என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தை நேராகப் பார்த்தார். அதற்குமேல் கடுமையாக அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

அன்று மாலை அண்ணிக்குத் தெரிந்தது. அண்ணன் சொல்ல, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார். பிறகு எழுந்துபோய் ரேடியோவைப் போட்டார், நல்ல சத்தமாக. எனக்குச் சாப்பாட்டை மூடிப் படியில் வைத்துவிட்டார், கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை கடை முதலாளியிடம் சொன்னேன், டிப்போவில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பழைய கண்ணாடியை அதிகாரி போட்டுப் பார்த்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மோதியதற்கு அது மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய என்னாலும் முடியாது என்று அதில் எழுதியிருந்தேன். அண்ணன் அந்த வரியை வாசித்துவிட்டு, அதை அழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

ஏழு மாதம் கழித்து அண்ணனுக்கு மறுபடி பஸ் கொடுத்தார்கள், சின்ன வழித்தடம். ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார். டைப் டீச்சர் வீட்டுத் தண்ணீரை, அந்த அம்மா தன் அண்ணன் மகளோடு வேறு ஊருக்குப் போகும்வரை, நாங்கள் இரண்டு பேரும் தூக்கினோம். போன வருடம் அந்த அம்மா இறந்துவிட்டார். கடையில் என்னை வெட்டும் மேசையிலிருந்து எடுத்து ஒரு வருடம் சட்டம் துடைக்க வைத்தார்கள். பிறகு பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். ஆலயத்தில் நானாகவே வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். அண்ணன் கேட்டுக்கொண்ட பிறகு மறுபடி வாசிக்கிறேன். அவர் இப்போதும் விரலை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அண்ணி ஒரு வருடமும் சில நாட்களும் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், முன்பைப்போல அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை உறை சட்டைப் பையிலேயே துவைபட்டுக் கூழாகிப் போனது. விளக்குக் கம்பத்தை நிமிர்த்திவிட்டார்கள்.