சிராங்கூன் சாலைக் குழாயும் ஒரு ஜோடிச் சப்பாத்தும்

சிங்கப்பூர்க் குழாய் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்துப் பேரின்பநாயகத்துக்கு எதற்கும் காரணம் வேண்டும். காரணம் தெரியாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. 1908ஆம் வருஷம் அவர் தலையில் வந்து விழுந்ததோ தலையும் வாலும் இல்லாத ஒரு விவகாரம். சிராங்கூன் சாலையில் புதிதாகப் போட்ட தெருக்குழாயில், ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் பிடித்தார்கள். செருப்பே இல்லாதவர்கள், அதைக் கழற்றுவதுபோல் காலை இரண்டு தரம் உதறிவிட்டுக் கிட்டே போனார்கள்.

வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டு அனுப்பினார்.

"அது கோயிலா, பள்ளிவாசலா? எதுவானாலும் ஒருநாள் அடிதடி வரும். வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தோடு வா. இல்லையென்றால் குழாயைப் பிடுங்கிவிடுவேன்."

அந்தத் தெருவுக்கு வேறு குழாய் கிடையாது. ஒண்டிக்கட்டையான பேரின்பநாயகமும் காலையில் குடத்தோடு அங்கேதான் போய் நிற்பார். எல்லாரும் கழற்றுவதால் அவரும் கழற்றுவார். அதற்கு மட்டும் காரணம் கேட்க அவருக்குத் தோன்றியதில்லை.

நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினார். முதலில் அகப்பட்டவள் பால்காரி தங்கம்.

"பாய்மாருங்க கழட்டுறாங்கய்யா. அவங்க மனசு நோகக்கூடாதுன்னு நாங்களும் கழட்டுறோம்."

பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் அலீம் தலையை ஆட்டினார். "எங்கள்ல அப்படி ஒண்ணும் இல்லையே கிராணியாரே. இவங்க சாமி சமாச்சாரம்னு நெனச்சுல்ல நாங்க கழட்டினோம்."

"அப்ப முதன்முதலிலை ஆர் கழட்டினது?"

தங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்கதான். குழாய் தொறந்த அன்னைக்குக் கோட்டும் தொப்பியுமா வந்து, சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு, தண்ணியில கால வச்சு கண்ண மூடி நின்னீங்களே. இவ்வளவு படிச்சவரே கழட்டினா ஏதோ இருக்கத்தானே செய்யும்?"

பேரின்பநாயகத்துக்கு நினைவு வந்தது. அன்று புதுச் சப்பாத்து கடித்துச் சுண்டுவிரல் கொப்பளித்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்ட சுகத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. அவ்வளவுதான் அதிலிருந்த தெய்வீகம். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் குழாய் போய்விடக்கூடாதே என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

"என்ர சப்பாத்து கடிச்சது. அதுதான் கழட்டினனான்."

"எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றாள் தங்கம். அப்துல் அலீமும் ஆமோதித்தார்.

வெள்ளிக்கிழமை துரை இரண்டு ஆட்களோடும் ஒரு கடப்பாரையோடும் வந்து இறங்கினார். காரணத்தைக் கேட்டார், நம்பவில்லை.

"நிரூபித்துக் காட்டு. சப்பாத்தோடு போய் ஒரு வாய் தண்ணீர் குடி. குடித்துவிட்டால் குழாய் இருக்கட்டும்."

பத்தே எட்டு வைத்தால் குழாய். பேரின்பநாயகம் விறைப்பாக நடந்தார். தெரு முழுவதும் அவருடைய சப்பாத்தையே பார்த்தது. குழாயடி ஈரக் கல்லின் ஓரத்தில் கால் நின்றுவிட்டது. இந்தக் கூத்துக்கு ஆதியே தான்தான் என்று தெரிந்த ஒரே மனிதர், குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பிடுங்குங்கள்," என்றார் துரை. ஆட்கள் காலை இரண்டு தரம் உதறிவிட்டு அப்படியே நின்றார்கள். துரை கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு தானே பாய்ந்தார். அதே கல், அதே பார்வை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், ஒருமுறை இருமினார். பிறகு ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுகொண்டு குழாயைப் பிடுங்க யாருக்குத்தான் மனம் வரும்? துரை கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து காலை நீட்டினார். இரண்டு சுண்டுவிரலும் கொப்பளித்திருந்ததைப் பேரின்பநாயகம் பார்த்தார். துரையின் கண் மெல்ல மூடிக்கொண்டது.

"பார்த்தீங்களா பாய்," என்று கிசுகிசுத்தாள் தங்கம். "கண்ண மூடணும் போல."

குழாய் பிழைத்தது. மறுநாளிலிருந்து ஜனங்கள் செருப்பைக் கழற்றி, கண்ணையும் மூடிக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். பாதித் தண்ணீர் கல்லில் போயிற்று. காரணம் முழுவதும் தெரிந்த பேரின்பநாயகமும் அரைக்குடத்தோடுதான் வீடு திரும்பினார்.